வீட்டு நீச்சல் குளத்து மேல தற்காலிக டான்ஸ் ஃப்ளோர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை ஈசிஆர் (கிழக்கு கடற்கரை சாலை) ஓரமா நீலாங்கரைல ஆரம்பிச்சு முட்டுக்காடு, கோவளம் தாண்டி மகாபலிபுரம் வரைக்கும் நாள் வாடகைக்கு விடுற வீடுங்க நிறைய வந்தாச்சு, நிச்சயதார்த்தம், சங்கீத், ரிசப்ஷன் எல்லாம் அங்கயே வைக்கிறாங்க. பாதி வீட்ல ஒரே பிரச்சினை தான், இருக்குற இடத்துக்கு நட்ட நடுவுல பூல் உக்காந்திருக்கும், சுத்தி நிக்க தான் இடம் இருக்கும், உடனே "பூலை மூடி மேல ஃப்ளோர் போட்டுடலாமே"ன்னு யாராவது ஆரம்பிப்பாங்க. மேடை, சாரம் வேலைல இருக்குறவன்ங்கிறதால இந்த கேள்விங்க எனக்கு திரும்பத் திரும்ப வருது, எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன்.

கே: முதல்ல இது செய்யக்கூடிய விஷயம் தானா?

செய்யலாம்ங்க, ஒழுங்கா செஞ்சா தாராளமா ஆடலாம். அமெரிக்கால பெவர்லி ஹில்ஸ் ஹை ஸ்கூல் ஜிம்ல பாஸ்கெட்பால் தரை நடுவுல பிரிஞ்சு ரெண்டு பக்கமும் விலகும், அடில நீச்சல் குளம் இருக்கு, 1930-கள் கடைசில வந்த ஐடியா அது. ஆனா அது எஞ்சினியர் கணக்கு போட்டு நிரந்தரமா கட்டினது. நம்ம போடுறது ரெண்டு நாள்ல வந்து ரெண்டு நாள்ல போற ஒண்ணு, அதுக்கும் அதே கணக்கு வேணும், தற்காலிகம்ங்கிறதால எடை குறையப் போறதில்ல.

கே: எவ்வளவு வெயிட் தாங்குற மாதிரி போடணும்?

நம்ம நாட்டு ஸ்டாண்டர்ட் ஐஎஸ் 875 இரண்டாம் பகுதில, சீட் போடாம மக்கள் கூடுற இடத்துக்கு ஒரு சதுர மீட்டருக்கு 5 கிலோநியூட்டன் தாங்கணும்னு இருக்கு, அதாவது சுமார் 510 கிலோ. அமெரிக்கால டான்ஸ் ஹாலுக்கு சதுர அடிக்கு 100 பவுண்டுன்னு வெச்சிருக்காங்க, அதுவும் கிட்டத்தட்ட இதே தான். 16 அடிக்கு 32 அடி பூல் எடுத்துக்கோங்க, பரப்பு 48 சதுர மீட்டர் கிட்ட வரும், மொத்தம் 24 டன். இந்த நம்பரை சொன்னதும் பாதி பேர் "அவ்ளோலாம் யாரும் ஏற மாட்டாங்க சார்"னு சொல்வாங்க, அதுக்கு பதில் அடுத்த கேள்வில.

கே: எங்க வீட்டு ஃபங்ஷன்ல ஆடப்போறதே ஒரு 40 பேர் தான், அதுக்கு இவ்ளோ தேவையா?

40 பேர்னா ஆளுக்கு 70 கிலோ வெச்சா 2,800 கிலோ, ஃப்ளோர் முழுக்க பரவி நின்னா ஒண்ணுமே இல்ல. ஆனா நம்ம வீட்டு கல்யாணத்துல யார் பரவி நிக்கிறாங்க சொல்லுங்க, பொண்ணு மாப்பிள்ளைய நடுவுல விட்டு எல்லாரும் சுத்தி நெருக்கி அடிச்சு நிப்பாங்க, மாமா மாப்பிள்ளைய தோள்ல தூக்குவாரு, நல்ல குத்துப் பாட்டு வந்ததும் ஓரத்துல உக்காந்திருந்த சித்தப்பா பெரியப்பா எல்லாம் அதே கூட்டத்துக்குள்ள நுழைவாங்க. அந்த 40 பேரும் 8 சதுர மீட்டருக்குள்ள வந்துட்டா ஒரு சதுர மீட்டர்ல 350 கிலோ நிக்குது, அதுவும் குதிச்சுக்கிட்டு. மொத்தம் எத்தனை பேருங்கிறத விட எங்க கூடுறாங்க, எப்படி ஆடுறாங்கங்கிறது தான் ஃப்ளோரை சோதிக்கும். அதனால 5 கிலோநியூட்டன்ல இருந்து ஒரு படி கூட இறங்காதீங்க.

கே: பந்தல்காரர் "அம்பது பேர் ஏறி நின்னு பாத்தோம், ஒண்ணும் ஆகல"ன்னு சொல்றாரு, போதாதா?

போதாதுங்க. இந்தப் பக்கத்துல ஒரே ஒரு பதில் தான் படிப்பேன்னா இத படிங்க.

நிக்கிறது வேற, ஆடுறது வேற. ஒரு ஆள் குதிச்சு இறங்கும்போது அந்த நொடில அவர் எடைல மூணு மடங்கு வரைக்கும் தரைல இறங்கலாம். பாட்டோட பீட் நிமிஷத்துக்கு 120-ன்னா செகண்டுக்கு 2 தடவை, எல்லாரும் ஒரே பீட்டுக்கு குதிக்கிறாங்க, ஃப்ளோரும் அதே வேகத்துக்கு பக்கத்துல ஆடுற தன்மை இருந்தா ஒவ்வொரு குதிக்கும் ஆட்டம் ஏறிக்கிட்டே போகும், ஊஞ்சல சரியான நேரத்துல தள்ளிக்கிட்டே இருந்தா எப்படி உயரம் ஏறுமோ அப்படி. அதனால ஃப்ளோர் விறைப்பா இருக்கணும், காலடில தொம் தொம்னு துள்ளக் கூடாது. துள்ளினா ஆடுறவங்களுக்கு ஜாலியா தான் இருக்கும், ஆனா கீழ ஒவ்வொரு ஜாயிண்டும் கொஞ்சம் கொஞ்சமா லூஸ் ஆகுது.

அடுத்தது பக்கவாட்டு ஆட்டம், என் அனுபவத்துல ஆளுங்க மறக்குறது இத தான். எல்லாரும் சேர்ந்து இடது வலதுன்னு சாயும்போது ஃப்ளோர் மொத்தமும் ஒரு பக்கமா நகரப் பாக்கும், ஃப்ளோருக்கு அடில நேரா நிக்கிற இரும்புக் கால் மேலருந்து வர எடைய நல்லா தாங்கும், பக்கத்துல தள்ளினா சீட்டுக்கட்டு மாதிரி சரிஞ்சிடும். மேல இறங்குற எடைல பத்துல ஒரு பங்கு பக்கவாட்டுல தள்ளினாலும் நகராதுங்கிற அளவுக்கு குறுக்கு பைப் (காலுக்கு கால் சாய்வா போடுறது) அடிச்சிருக்கணும், நீளவாக்குல அகலவாக்குல ரெண்டு பக்கமும்.

2001 மே மாசம் ஜெருசலேம்ல வெர்சாய்ஸ்னு ஒரு கல்யாண மண்டபத்துல ஆடிட்டிருக்கும்போதே தரை உள்வாங்கிடுச்சு, 23 பேர் செத்துப் போனாங்க, 300 பேருக்கு மேல அடி. அந்த கட்டடத்தோட கட்டுமான முறையிலயே கோளாறு இருந்தது, கீழ தாங்கிட்டிருந்த தடுப்புச் சுவரை கொஞ்ச நாள் முன்னாடி எடுத்துட்டாங்க. அதுக்கு முன்னாடி அந்த ஹால்ல எத்தனையோ கல்யாணம் நடந்திருக்கும், எத்தனையோ பேர் ஆடிட்டு பத்திரமா வீட்டுக்குப் போயிருப்பாங்க. "இதுவரைக்கும் ஒண்ணும் ஆகல"ங்கிறது கணக்கு இல்லங்க.

கே: பூலுக்குள்ள கால் இறக்கணுமா, இல்ல மேல பீம் போட்டு தாண்டிடலாமா?

கான்கிரீட் பூலா இருந்தா கால் இறக்குறது தான் என் முதல் சாய்ஸ். கப்லாக் சாரம் (கப் மாதிரி பூட்டுல மாட்டுற இரும்பு பைப் சாரம்) எல்லா ஊர்லயும் வாடகைக்கு கிடைக்கும், லெட்ஜர், அதாவது ரெண்டு காலை படுக்கைவாட்டுல இணைக்கிற பைப், 1.2 மீட்டர் சைஸ்ல வரும், மேல சொன்ன 16க்கு 32 பூல்ல குறுக்க 5, நெடுக்க 9, ஆக 45 கால் கச்சிதமா உக்காரும். ஒவ்வொரு காலுக்கும் ஃப்ளோரோட சொந்த எடையும் சேத்து சுமார் 800 கிலோ வரும், நல்ல நிலைமைல இருக்குற கப்லாக் வெர்டிகல் (நிமிர்ந்து நிக்கிற பைப்) இத சுலபமா தாங்கும். காலுக்கு கீழ பேஸ் ஜாக் (தட்டு வெச்ச திருகு), மேல யூ ஜாக் (U வடிவ தலை வெச்ச திருகு), அதுல பாக்ஸ் செக்ஷன் (சதுரக் குழாய் இரும்பு), ஜாக்க திருகி ரசமட்டம் வெச்சு லெவல் எடுத்துக்கலாம். ஜாக்க ரொம்ப நீட்டி விட்டா அதுவே ஆடும், முடிஞ்ச வரைக்கும் கம்மியா திறங்க.

பூல்ல ஒரு வசதி என்னன்னா நாலு பக்கமும் சுவர் இருக்கு. கடைசி லெட்ஜருக்கும் சுவருக்கும் நடுவுல ரப்பர் வெச்சு மரக்கட்டைய இறுக்கிட்டா மொத்த சாரமும் எந்தப் பக்கமும் நகர வழியில்லாம நிக்கும். இதுக்காக குறுக்கு பைப்ப விட்டுடாதீங்க, ரெண்டும் வேணும்.

பீம் போட்டு தாண்டுறது ஃபைபர் பூலுக்கும், உள்ள லைனர் ஷீட் ஒட்டின பூலுக்கும் தான், அதுங்களுக்குள்ள கால் வெக்கவே கூடாது. 5 மீட்டர் அகலம் தாண்டணும்னா 4 அடிக்கு ஒண்ணுன்னு 200 எம்எம் ஐ-பீம் (I எழுத்து வடிவ இரும்பு பீம்) போட்டா வலு பத்தும், ஆனா நடுவுல துள்ளல் இருக்கும், அதனால இன்னும் பெரிய பீமோ, நெருக்கமாவோ போடணும்னு எஞ்சினியர் சொல்வாரு. அந்த பீம் மீட்டருக்கு 25 கிலோ, 6 மீட்டர் பீம் ஒண்ணே 150 கிலோ, சந்துல லாரி வர முடியாத வீட்ல இத யார் தூக்கிட்டு வருவாங்கன்னும் யோசிங்க. கான்கிரீட் பூல்னா பீமுக்கு நடுவுல ஒரே ஒரு வரிசை கால் குடுத்தா போதும், தாண்டுற தூரம் பாதியாகும், வளைவு பதினாறுல ஒரு பங்கா குறையும். அதான் நான் கால் கால்னு சொல்லிட்டே இருக்கேன்.

கே: பீமை பூல் ஓரத்து கல்லு மேலயே வெக்கலாமா?

வேண்டாம். அந்த கோப்பிங் கல் ஒட்டி வெச்சது தான், நுனில எடை வந்தா பேந்துக்கும். குறைஞ்சது ஒண்ணு ரெண்டு அடி தள்ளி, கீழ நல்ல கெட்டித் தரை இருக்குற இடத்துல, அகலமான பலகை போட்டு வெய்ங்க. வெறும் மண்ணு மேல பேவர் பிளாக் பதிச்சிருந்தா அது இறங்கும், அதுக்கு தனியா பாக்கணும்.

கே: தண்ணிய காலி பண்ணணுமா?

பெரும்பாலும் வேண்டாம், முக்கியமா ஈசிஆர் பக்கம் வேணவே வேண்டாம். அங்க மணல், கடல் பக்கம், நிலத்தடி நீர் மேலயே நிக்கும், ஐப்பசி கார்த்திகை மழைக்கு அப்புறம் இன்னும் மேல வரும். காலி பூல் தண்ணிக்குள்ள அமுக்கின பாத்திரம் தான், கீழ இருக்குற தண்ணி அத மேல தள்ளும், பூல் தரை வெடிக்கலாம், மொத்த தொட்டியே கிளம்பி மேல வரலாம். ஒரு நாள் டான்ஸுக்காக வீட்டுக்காரரோட பூல் போச்சுன்னா யாரால ஈடு கட்ட முடியும்? அதுவும் போக 16க்கு 32, 4 அடி ஆழம்னா 58,000 லிட்டர் தண்ணி, திரும்ப நிரப்ப 12,000 லிட்டர் டேங்கர் லாரி அஞ்சு வேணும்.

அரை அடில இருந்து ஒரு அடி வரைக்கும் இறக்கினா போதும், பலகையோட அடிப்பக்கத்துல தண்ணி அடிக்காது. ஆளுங்க தண்ணில இறங்கி கால் வெக்கணும், கொஞ்சம் லேட் ஆகும், அதனால முந்தின நாள் பகல்லயே, தண்ணி கலங்குறதுக்கு முன்னாடி வேலைய முடிச்சுடணும்.

கே: டைல்ஸ் உடையாதா?

மொத்த எடைக்கு பூல் தரை கவலைப்படாது, 4 அடி தண்ணியே சதுர மீட்டருக்கு 1,200 கிலோ அழுத்துது, அத வருஷக்கணக்கா தாங்கிட்டு தான் இருக்கு. பிரச்சினை ஒரே புள்ளில இறங்குற எடை. 6 இஞ்ச் பேஸ் பிளேட்ட நேரா டைல்ஸ் மேல வெச்சா அதோட ஓரம் கீறும், அடில பொள்ளலா ஒட்டின டைல்ஸ்னா கிராக் விடும். ஒவ்வொரு காலுக்கும் ஒரு அடி சதுரத்துல பிளைவுட், அதுக்கு அடில ரப்பர் ஷீட், ரெண்டையும் பிளேட்டோட கட்டியோ ஸ்க்ரூ அடிச்சோ இறக்குங்க, இல்லன்னா பிளைவுட் மிதந்து மேல வந்துடும். துருப்பிடிச்ச பைப் இறக்காதீங்க, ரெண்டே நாள்ல பழுப்பு வளையம் விழும், தேச்சாலும் போகாது. ஜிஐ பைப் (துத்தநாகம் பூசின இரும்பு பைப்) கேளுங்க. வேலைக்கு முன்னாடி பூல் தரைய வீடியோ எடுத்து வெச்சுக்கோங்க, டெபாசிட் திரும்ப வாங்கும்போது உதவும்.

கே: எங்க பூல்ல ஒரு பக்கம் ஆழம் ஜாஸ்தி, தரை சரிவா போகுது.

கவனமா இருக்கணும். சரிவுல சாதாரண பேஸ் ஜாக் வெச்சா பிளேட்டோட ஒரு ஓரம் தான் தொடும், ஆட்டம் ஆரம்பிச்சதும் வழுக்கும். சரிவுக்கு ஏத்த மாதிரி திரும்புற ஸ்விவல் ஜாக் இல்லன்னா அளவெடுத்து சீவின ஆப்பு வேணும், ஆழமான பக்கத்து கால்ங்க உயரம்ங்கிறதால அங்க குறுக்கு பைப் இன்னும் ஜாஸ்தி. முடிஞ்சா ஆழம் கம்மியான பாதிய மட்டும் மூடி அங்க ஆடுங்க, மீதி பாதிய கைப்பிடி வெச்சு தடுத்து லைட் போட்டு விடுங்க, பாக்கவும் அழகா இருக்கும்.

கே: சவுக்கு கட்டைல போட்டா செலவு கம்மின்னு சொல்றாங்க?

பந்தலுக்கு சவுக்கு ஓகே. இதுக்கு வேண்டாம். கயிறு கட்டின முடிச்சு நனைஞ்சா தளரும், கட்டைக்கு கட்டை தடிமன் மாறும், குதிக்கிற எடைக்கு இது தாங்கும்னு யாராலயும் கணக்கு குடுக்க முடியாது.

கே: டிரம் மேல மிதக்கிற மாதிரி போடலாமா?

டான்ஸுக்கு கூடாது. கூட்டம் ஒரு பக்கம் போனதும் அந்தப் பக்கம் அமுங்கும். பூ, விளக்கு வெக்க மிதவை போதும், ஆளுக்கு இல்ல.

கே: மேல என்ன பலகை?

18 எம்எம் ஷட்டரிங் பிளை (கான்கிரீட் வேலைக்கு அச்சா போடுற பிளைவுட்), தண்ணிக்கு தாங்குற தரம், ரெண்டு அடுக்கு, மேல் அடுக்கோட ஜாயிண்ட் கீழ் அடுக்கு ஜாயிண்ட் மேல வராத மாதிரி மாத்தி மாத்தி போடணும். அடில தாங்குற பாக்ஸ் செக்ஷன் அடிக்கு ஒண்ணு. சுத்தி ரெண்டு ரெண்டு அடி ஜாஸ்தி விட்டா மொத்தம் 20க்கு 36, 720 சதுர அடி, 8க்கு 4 ஷீட் ஒரு அடுக்குக்கு 23 வரும், வெட்டுறதுக்கு ரெண்டு மூணு கூட வாங்குங்க. ஆணி வேண்டாம், ஆட ஆட ஆணி மேல வந்துடும், ஸ்க்ரூ அடிச்சு தலை உள்ள போற மாதிரி முடிக்கணும். நம்மள்ல பாதி பேர் செருப்ப கழட்டிட்டு தான் ஆடுவோம், மீதி பேர் ஊசி ஹீல்ஸ், பட்டுப்புடவை கரை வேற எதுலயாவது மாட்டும், அதனால ஷீட்டுக்கு ஷீட் இடைவெளி தெரியாத மாதிரி மேல வினைல் ஒட்டிடுங்க. பளபளன்னு இருக்குற வினைல் வேண்டாம், சொரசொரப்பா இருக்குறது.

கே: கண்ணாடி மாதிரி கீழ தண்ணி தெரியணும், லைட் போடணும், முடியுமா?

முடியும், போட்டோவுக்கு அருமையா வரும், செலவும் பொறுப்பும் ரொம்ப ஜாஸ்தி. பெரும்பாலும் அது அக்ரிலிக் ஷீட் தான். 25 எம்எம் தடிமன்னா சதுர மீட்டருக்கு 30 கிலோ. அக்ரிலிக் வெயிலுக்கு நல்லா விரியும், 8 அடி ஷீட் 20 டிகிரி சூடு ஏறினா 3 எம்எம்முக்கு மேல நீளும், அதனால இறுக்கமா ஸ்க்ரூ அடிச்சா ஓட்டைலருந்து கிராக் ஓடும். ஓட்டைய பெருசா போட்டு, ஷீட்டுக்கு நடுவுல இடைவெளி விட்டு, அடில தாங்குற ஃபிரேம நெருக்கமா குடுக்கணும். ஈரமானா வழுக்கும். என் யோசனை என்னன்னா, ஆடுற இடம் பிளைவுட்லயே இருக்கட்டும், சுத்தி ஒரு ஓரம் மட்டும் யாரும் ஆடாத இடத்துல கண்ணாடி மாதிரி விடுங்க.

கே: கரண்ட் பத்தி?

தண்ணி, இரும்பு, வெறுங்கால், மூணும் ஒரே இடத்துல இருக்கு, அதனால இதுல கொஞ்சம் கூட சமாளிக்காதீங்க. பூல் லைட், பூல் பம்ப் ரெண்டுக்கும் போர்ட்லயே ஆஃப் பண்ணி பூட்டிடணும். ஃப்ளோருக்கு அடில ஒரு ஒயர் கூட போகக் கூடாது. டிஜே, லைட் லைன் எல்லாத்துக்கும் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே லைன கட் பண்ற சுவிட்ச்), ஜெனரேட்டர்ல ஓட்டினாலும் வேணும், ஃபங்ஷனுக்கு முன்னாடி டெஸ்ட் பட்டன அமுக்கி டிரிப் ஆகுதான்னு கண்ணால பாருங்க. சாரத்துக்கும் எர்த் குடுக்கணும், எலக்ட்ரீஷியன் லைசன்ஸ் உள்ளவரா இருக்கணும். டிஜே மேஜை, ஸ்பீக்கர் எதையும் ஃப்ளோர் மேல ஏத்தாதீங்க, பக்கத்துல தரைல வெய்ங்க.

கே: குழந்தைங்க நிறைய வருவாங்க, பயமா இருக்கு.

பயம் நியாயமானது. ஃப்ளோர் மேல விழுறத விட அடில நுழையுறது தான் பெரிய ஆபத்து. சுத்தி துணி ஸ்கர்ட்டிங் மட்டும் கட்டினா குழந்தைக்கு அது ஒளிஞ்சு விளையாடுற கூடாரம், உள்ள போனா தண்ணி, இருட்டு, மேல பாட்டு சத்தத்துல கத்தினா கூட கேக்காது. அதனால துணிக்குப் பின்னாடி பிளைவுட்ட ஸ்க்ரூ அடிச்சு மூடுங்க, எங்கயும் 4 இஞ்ச்சுக்கு மேல சந்து இருக்கக் கூடாது. மூடாம விட்ட தண்ணி எங்க இருந்தாலும் கைப்பிடி. வேலை நடக்குற அந்த ரெண்டு நாளும் கூட இதே கவனம், அப்போ தான் பாதி மூடி பாதி திறந்து கிடக்கும். நீச்சல் தெரிஞ்ச ஒருத்தர் ஃபங்ஷன் முழுக்க ஓரத்துலயே நிக்கட்டும், சாப்பிடக் கூட மாத்தி ஆள் விட்டுட்டு தான் போகணும்.

பாட்டி தாத்தாவுக்கு படி வேண்டாம், 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் கணக்குல சாய்வு போடுங்க, வீல்சேரும் ஏறும்.

கே: மழை வந்தா?

ஆட்டத்த நிறுத்துங்க. துடைச்சு, காஞ்சு, எலக்ட்ரீஷியன் பாத்த அப்புறம் தான் மறுபடி. மழையே இல்லன்னாலும் கடல் பக்கம் ராத்திரி ஆக ஆக பனி இறங்கி ஃப்ளோர் நசநசன்னு ஆகும், துடைக்க ஆளும் துணியும் தயாரா இருக்கட்டும். தை மாசி முகூர்த்தத்துல இது நிச்சயமா வரும்.

கே: மூடி வெச்சா தண்ணி கெட்டுப் போகுமா?

ரெண்டு மூணு நாளைக்கு கெடாது. வெயில் படலன்னா பாசி வளராது, குளோரினும் சீக்கிரம் வீணாகாது. ஆனா மூடுறதுக்கு முன்னாடி "நிறைய குளோரின் போட்டுடலாம்"னு கொட்டாதீங்க, ஆவி அடிலயே தங்கும், ஆடுறவங்களுக்கு கண்ணு எரியும், இரும்பும் அரிக்கும். மேல பிளைவுட்டுக்கு அடில ஒரு தார்ப்பாய் கட்டினா தூசி, ஜிகினா, பேப்பர் எதுவும் தண்ணில விழாது, கழட்டும்போது பூல் பாக்குறவர் உங்களுக்கு நன்றி சொல்வாரு.

கே: பாட்டு எத்தனை மணி வரைக்கும்?

2000-த்துல வந்த ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10 மணில இருந்து காலை 6 வரைக்கும் வெளில ஸ்பீக்கர் கூடாது. ஸ்பீக்கர் வெக்கவே போலீஸ் அனுமதி வாங்கணும், அத முன்னாடியே வாங்கிடுங்க.

கே: போட்டு முடிச்சதும் எப்படி டெஸ்ட் பண்றது?

ஆள ஏத்தி குதிக்க வெக்காதீங்க, அது டெஸ்ட் இல்ல, ஆபத்து. 200 லிட்டர் டிரம் எடுத்துக்கோங்க, ஒரு சதுர மீட்டருக்கு ரெண்டுன்னு நடு இடத்துல வெச்சு ஹோஸ்ல தண்ணி ரொப்புங்க, 400 கிலோ வந்துடும். ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு நூல் இழுத்துக் கட்டி வெச்சிருந்தா எவ்வளவு இறங்குதுன்னு தெரியும், தண்ணிய வெளியேத்தினதும் பழைய மட்டத்துக்கே திரும்ப வரணும். வரலன்னா ஏதோ ஒரு ஜாயிண்ட் உக்காந்திருக்கு, கண்டுபிடிங்க. அப்புறம் ஓரத்துல ரெண்டு மூணு பேர் நின்னு ஃப்ளோர கையால பக்கவாட்டுல தள்ளட்டும், அசைவு கைக்கு தெரிஞ்சாலே குறுக்கு பைப் பத்தலன்னு அர்த்தம். இது கணக்குக்கு மேல ஒரு சரிபார்ப்பு தான், டெஸ்ட்டுல பாஸ் ஆகிடுச்சுன்னு டிராயிங் இல்லாம விடக் கூடாது.

கே: ஆள் பிடிக்கும்போது என்ன கேக்கணும்?

டிராயிங் இருக்கா, ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் கையெழுத்து போடுவாரா, சதுர மீட்டருக்கு எவ்வளவுன்னு எழுதித் தருவீங்களா, குறுக்கு பைப் எங்கெங்க வருது, ஃபங்ஷன் நேரத்துல உங்க ஆள் ஸ்பேனரோட இங்க இருப்பாரா. "அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம் மேடம்"ங்கிறது மட்டும் பதிலா வந்தா வேற ஆள பாருங்க. வீட்டு ஓனர்கிட்டயும் எழுத்துல சம்மதம் வாங்குங்க, கால் இறக்கப் போறோம்னு தெளிவா சொல்லி.

கே: எப்போ இந்த ஐடியாவையே விட்டுடணும்?

எஞ்சினியர் கிடைக்கல, ஃபங்ஷனுக்கு ஒரு நாள் தான் இருக்கு, பூல் என்ன வகைன்னு ஓனருக்கே தெரியல, இதுல ஒண்ணு இருந்தாலும் விட்டுடுங்க. மாடில இருக்குற பூல்னா அது முழுக்க வேற கணக்கு, அடில கட்டடம் இருக்கு, இந்தப் பக்கத்துல சொன்னது எதுவும் அதுக்கு பொருந்தாது. லான்ல தரையோட தரையா பிளைவுட் போட்டா அரை நாள்ல முடியும், ஆட்டம் ஒண்ணும் குறையாது, பூலை சுத்தி நல்லா தடுப்பு கட்டி விளக்கு மிதக்க விட்டுடலாம்.

கே: எப்போ கழட்டணும்?

மறுநாள் பகல்ல. வாடகை மிச்சம்னு ராத்திரியே ஆரம்பிக்க விடாதீங்க, ஆளுங்க தூக்கத்துல இருப்பாங்க, விருந்தாளிங்க அங்கங்க சுத்திட்டு இருப்பாங்க. ஃப்ளோர்ல வரிசையா ஒரு பக்கத்துல இருந்து தான் பலகைய எடுக்கணும், கைப்பிடி கடைசில, அதுவரைக்கும் வாசல் பக்கம் கயிறு கட்டி ஒரு ஆள நிறுத்துங்க. எல்லாம் வெளில வந்ததும் தண்ணிக்குள்ள ஸ்க்ரூ எதுவும் கிடக்கான்னு காந்தம் கட்டின கழிய தரை முழுக்க இழுத்துப் பாருங்க, அப்புறம் பம்ப ஓட விடுங்க, தண்ணி தெளிஞ்சு தரை தெரியுற வரைக்கும் யாரையும் குளிக்க இறக்காதீங்க.